எதிரணி ரசிகர்களிடம் ஜெரி டார்கேனியனுக்காகப் பேசுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கி, லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் (யுஎன்எல்வி) அணியைத் தன் அணியாகக் கொண்டவர் எவரும் சில வாரங்களுக்குள் இந்தக் கேள்வியைச் சந்தித்துவிடுவார்: “உங்கள் டார்கேனியன் மோசடிக்காரர்தானே?” சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு எதிரணி ஊருக்குப் போனால் முதல் பாதி முடிவதற்குள்ளேயே வரும். யுஎன்எல்வியின் புகழ்பெற்ற பயிற்சியாளராக இருந்த ஜெரி டார்கேனியன் 2015 பிப்ரவரியில் இறந்துவிட்டார். தனக்காகப் பேச அவர் இல்லை. ஆகவே பேசுகிறவர் விவரம் தெரிந்து பேச வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். “அவர் எந்தத் தப்பும் செய்யாதவர்” என்று வாதிடப் போனால் ஐந்தே நிமிடத்தில் தோற்பீர்கள். அவரை விசாரித்த முறை நியாயமானதல்ல, அந்த முறையில் வந்த தீர்ப்பை வைத்து ஒரு மனிதரின் முழு வாழ்க்கையையும் எடைபோடக் கூடாது என்பதே நிற்கக்கூடிய வாதம். கீழே உள்ளதெல்லாம் அந்த வாதத்தைக் கட்டும் வழி.

முதல் படி: எண்களை மனப்பாடம் செய்யுங்கள்

ஒரு எண் தவறினாலும் எதிரில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிடுவார். நிறைய எண்கள் வேண்டாம். இவை போதும்.

யுஎன்எல்வியில் 1973 முதல் 1992 வரை, 19 பருவங்கள். வெற்றி 509, தோல்வி 105. தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் நான்கு முறை: 1977, 1987, 1990, 1991. 1990 ஏப்ரல் 2 அன்று டென்வரில் நடந்த இறுதி ஆட்டத்தில் டூக் அணியை 103-73 என்று வீழ்த்தினார்கள். ஆண்கள் இறுதி ஆட்டங்களிலேயே மிகப் பெரிய வித்தியாசம் அந்த 30 புள்ளிதான். இறுதி ஆட்டத்தில் நூறைத் தாண்டிய ஒரே அணியும் அதுதான். மறு ஆண்டு 34 ஆட்டங்களில் தோல்வியே இல்லாமல் வந்து, அரையிறுதியில் அதே டூக்கிடம் 79-77 என்று தோற்றார்கள். தொடர்ந்து 45 வெற்றி என்ற ஓட்டம் அங்கே நின்றது. 2013-ல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது.

யுஎன்எல்வி எண்களையும் அவருடைய வாழ்நாள் எண்களையும் கலக்காதீர்கள். முன்பு பயிற்சியளித்த லாங் பீச் ஸ்டேட்டிலும் பின்னர் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டிலும் கிடைத்த சில வெற்றிகளை, கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ பதிவேட்டிலிருந்து நீக்கியிருக்கிறது. அதனால் அவருடைய மொத்த வெற்றிக்கணக்கு ஒவ்வொரு நூலிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். 509-105 என்பதோடு நிறுத்திக்கொண்டால் அந்தச் சண்டைக்கே இடமில்லை.

இரண்டாம் படி: என்சிஏஏ என்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அரசு அமைப்பு அல்ல. பல்கலைக்கழகங்கள் உறுப்பினராக இருக்கும் ஒரு தனியார் சங்கம். விதி அதனுடையது, விசாரணை அதிகாரிகள் அதன் ஊழியர்கள், தண்டனை சொல்லும் குழுவும் அதனுடையதே. சங்கம் நேரடியாகப் பயிற்சியாளரைத் தண்டிக்காது. பல்கலைக்கழகத்தைப் பார்த்து, “அவரை நீ விலக்கு, இல்லாவிட்டால் உனக்கு இன்னும் கடுமையான தண்டனை வரும்” என்று சொல்லும். இந்த ஏற்பாடு புரியாமல் டார்கேனியன் கதை புரியாது.

இனி கால வரிசை. யுஎன்எல்வி மீது என்சிஏஏ தன் முதல் விசாரணையைத் தொடங்கியது 1972 நவம்பரில். டார்கேனியன் அங்கே வேலைக்குச் சேர்ந்தது 1973-ல். அதாவது, அவர் வருவதற்கு முன்பே கோப்பு திறந்தாயிற்று. இந்த ஒரு தகவலைக் கேட்டாலே பல எதிரணி ரசிகர்கள் ஒரு கணம் நின்று யோசிப்பார்கள். அதற்கு முன்பு லாங் பீச்சில் இருந்தபோது அவர் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதிய பத்திகளில், என்சிஏஏ சிறிய கல்லூரிகளைத் துரத்துகிறது, பெரிய பெயர்களைத் தொடுவதில்லை என்று வெளிப்படையாகச் சாடியிருந்தார். சிறிய வெஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழகத்தைப் பிடிப்பவர்கள் பெரிய கென்டக்கி பல்கலைக்கழகத்தை ஏன் பார்ப்பதில்லை என்பது அவர் கேட்ட கேள்வி. அந்த எழுத்துக்குப் பழிவாங்கவே தன்னைத் துரத்தினார்கள் என்று அவர் கடைசிவரை நம்பினார். நீங்கள் அதை நிரூபிக்கப்பட்ட உண்மையாகச் சொல்லக் கூடாது. “அவர் அப்படி நம்பினார், அந்தப் பத்திகள் வந்தது உண்மை” என்பதோடு விடுங்கள்.

1976-ல் முறையான குற்றச்சாட்டுகள் வந்தன. மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் உதவியோடு பல்கலைக்கழகம் தானே விசாரித்து, குற்றச்சாட்டுகளை மறுத்தது. டார்கேனியன் முற்றிலும் குற்றமற்றவர் என்றும் பதில் கொடுத்தது. என்சிஏஏ குழு அதை ஏற்கவில்லை. 1977-ல் 38 விதிமீறல்கள் நடந்ததாகத் தீர்மானித்தது. அவற்றில் டார்கேனியன் மீது வந்தவை 10. பல்கலைக்கழகத்துக்கு இரண்டாண்டுக் கண்காணிப்புத் தண்டனை. அந்த இரண்டாண்டும் டார்கேனியனை விளையாட்டுத் துறையிலிருந்தே விலக்கி வைக்க வேண்டும் என்றும் கேட்டது.

“38 மீறல் செய்தவர்” என்று எதிராளி சொன்னால் உடனே திருத்துங்கள். 38 பல்கலைக்கழகத்தின் கணக்கு, 10 அவருடையது. பத்து ஒன்றும் சின்ன எண் அல்ல. அதைக் குறைத்துப் பேசாதீர்கள். ஆனால் எண் சரியாக இருக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்குள் நடந்த விசாரணையை நடத்திய அதிகாரி என்சிஏஏவின் சாட்சியங்கள் மீது சந்தேகம் தெரிவித்துவிட்டு, தலைவர் முன் மூன்று வழிகளை வைத்தார்: தண்டனையை மறுத்து இன்னும் பெரிய தண்டனைக்குத் தயாராவது, சங்கத்தின் முடிவு தவறு என்று தோன்றினாலும் கட்டுப்பட்டு அவரை விலக்குவது, சங்கத்தைவிட்டே வெளியேறுவது. தலைவர் இரண்டாவதைத் தேர்ந்தார். இந்த மூன்று வழிகளை எடுத்துச் சொல்லும்போது அவசரப்படாதீர்கள். உங்கள் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு மனிதர் மீது குற்றம் நிரூபணமானதா என்று சொந்த நிறுவனமே சந்தேகப்பட்டும், அவரை விலக்குவதைத் தவிர அதற்கு நடைமுறையில் வேறு வழி இல்லை.

மூன்றாம் படி: வழக்கைச் சரியாகச் சொல்லுங்கள்

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. நம் பக்கத்து ரசிகர்கள் “டார்க் (டார்கேனியன்) என்சிஏஏவைக் கோர்ட்டில் ஜெயித்தார்” என்பார்கள். எதிர்ப்பக்கம் “உச்ச நீதிமன்றமே அவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டது” என்பார்கள். இரண்டும் தவறு.

நடந்தது இது. விலக்கம் அமலுக்கு வருவதற்கு முந்தின நாள் டார்கேனியன் நெவாடா நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார். என்சிஏஏவை வழக்கில் சேர்க்காமல் தீர்ப்புச் சொன்னது சரியல்ல என்று 1979-ல் மாநில உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. மீண்டும் விசாரணை நடந்து, 1984-ல் மறுபடி அவருக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. என்சிஏஏவின் முடிவு தான்தோன்றித்தனமானது என்றது அந்த நீதிமன்றம். 1987-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அடிப்படையில் அதை ஏற்றது. என்சிஏஏ அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1988 டிசம்பர் 12-ல் 5-4 என்ற கணக்கில் என்சிஏஏ வென்றது.

எதில் வென்றது என்பதைக் கவனியுங்கள். அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம், அரசு ஒருவரின் உரிமையைப் பறிப்பதானால் உரிய சட்ட நடைமுறையைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. யுஎன்எல்வி அரசுப் பல்கலைக்கழகம். அதற்கு இது பொருந்தும். அந்தப் பல்கலைக்கழகத்தை ஆட்டுவித்த என்சிஏஏவுக்கும் பொருந்துமா என்பதே கேள்வி. நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, அது தனியார் சங்கம், பொருந்தாது என்றது. நீதிபதி ஒயிட் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் பிரென்னன், மார்ஷல், ஓ’கானர் ஆகியோர் சேர்ந்தனர். டார்கேனியன் விதியை மீறினாரா இல்லையா என்பதை அந்த நீதிமன்றம் தீர்மானிக்கவே இல்லை.

ஆகவே சொல்ல வேண்டிய வாக்கியம்: “நியாயமான விசாரணை நடத்த அரசியல் சட்டப்படி என்சிஏஏவுக்குக் கட்டாயம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. நியாயமான விசாரணை நடந்தது என்று தீர்ப்பு வரவில்லை.” இதை இரண்டு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கூச்சல் நிறைந்த அரங்கில் நீளமான விளக்கத்துக்கு இடம் கிடைக்காது.

இதற்கு ஒரு துணைச்சான்று உண்டு. உச்ச நீதிமன்றத்தில் என்சிஏஏவுக்காக வாதாடியவர் ரெக்ஸ் லீ. 1991-ல் தண்டனை முறையைச் சீர்திருத்த என்சிஏஏ அமைத்த குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதிகள் போன்ற வெளியாட்களே வழக்குகளை விசாரிக்க வேண்டும், விசாரணை திறந்த அவையில் நடக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. இவை இரண்டையும் சங்கம் அப்போது ஏற்கவில்லை. முறையில் கோளாறு இருந்தது என்பதற்கு, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தலைமையில் வந்த அறிக்கையைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அடுத்து 1992. டார்கேனியனை விலக்கச் சொன்ன பழைய தண்டனை நிறைவேறாததால், 1990 ஜூலையில் என்சிஏஏ அவருடைய அணியை 1991 தேசியப் போட்டியிலிருந்து தடை செய்தது. நடப்பு வாகையரையே தடுப்பதா என்று எழுந்த பேச்சுக்குப் பிறகு மாற்று ஏற்பாடு வந்தது: 1991-ல் ஆடலாம், 1992-ல் கூடாது, அந்தப் பருவம் நேரடி ஒளிபரப்பும் கிடையாது. 1991-92 அணி 26 வென்று 2 மட்டும் தோற்றது. தேசியப் போட்டிக்குப் போகவில்லை. அந்த அணியில் 22 வயதில் ஆடிய ஒரு பையனுக்கு 1977-ல் ஏழு வயது. எதிராளியின் மனச்சாட்சியைத் தொடும் இடம் இதுதான். இங்கே கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள்.

கடைசியாக 1998. தன்னைத் தொழிலிலிருந்து துரத்தப் பொய்ச் சாட்சியங்கள் உருவாக்கப்பட்டன என்று அவர் தொடுத்த இன்னொரு வழக்கில், விசாரணைக்கு முன்பே என்சிஏஏ 25 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே “தப்பை ஒத்துக்கொண்டு பணம் கொடுத்தார்கள்” என்று சொல்லாதீர்கள். சமரசத்தில் ஒப்புதல் கிடையாது. “25 லட்சம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்” என்றால் போதும். கேட்பவர் தானே யோசித்துக்கொள்வார்.

நான்காம் படி: கெட்ட செய்தியை நீங்களே முதலில் சொல்லுங்கள்

எதிராளி கையில் மூன்று ஆயுதங்கள் இருக்கும். அவர் எடுக்கும் முன் நீங்களே மேசைமேல் வைத்துவிடுங்கள்.

ஒன்று, லாயிட் டேனியல்ஸ். நியூயார்க் தெருமைதானங்களில் பேர்பெற்ற ஆட்டக்காரர். படிப்பு மிகப் பலவீனம். அவரை யுஎன்எல்விக்குக் கொண்டுவந்தபோது உதவிப் பயிற்சியாளர் ஒருவரே சட்டப்படிப் பாதுகாவலர் ஆனார். 1987-ல் போதைப்பொருள் வாங்கும்போது கைதானார். யுஎன்எல்விக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அவரை அணிக்குச் சேர்த்ததிலிருந்து கிளம்பிய இரண்டாவது விசாரணை 1993-ல் பல்கலைக்கழகத்துக்குப் புதிய தண்டனையில் முடிந்தது. இதற்குச் சமாதானம் தேடாதீர்கள். கல்லூரிக்குப் பொருந்தாத ஒருவரை ஆட்டத்துக்காக மட்டும் அழைத்துவந்தது தவறு. பிறகு 1992-ல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் பயிற்சியாளரானபோது டார்கேனியன் அதே டேனியல்ஸுக்குத் தொழில்முறைக் கூடைப்பந்தான என்பிஏவில் இடம் கொடுத்தார் என்பதைச் சேர்த்துச் சொல்லலாம். கைதான பையனை எல்லோரும் மறந்த பிறகும் அவர் மறக்கவில்லை. இது குற்றத்தைத் துடைக்காது, மனிதரைக் காட்டும்.

இரண்டு, வெந்நீர்த் தொட்டிப் படம். ஆட்ட முடிவை விலைபேசியதற்காகத் தண்டனை பெற்ற ஒருவரோடு மூன்று யுஎன்எல்வி வீரர்கள் இருக்கும் படம் 1991 மே மாதம் லாஸ் வேகஸ் நாளிதழில் வந்தது. அடுத்த மாதமே, இன்னும் ஒரு பருவம் முடிந்ததும் விலகுவதாக டார்கேனியன் அறிவித்தார். “1991-ல் டூக்கிடம் வேண்டுமென்றே தோற்றார்கள்” என்ற வதந்திக்கு இந்தப் படமே வேர். இங்கே பிரித்துப் பேச வேண்டும். அப்படிப்பட்டவர் வீரர்களின் பக்கத்தில் வர முடிந்தது பயிற்சியாளரின் கண்காணிப்புக் குறை, ஒப்புக்கொள்ளுங்கள். தோல்வி விற்கப்பட்டது என்பதற்கு யார் மீதும் வழக்குக்கூடப் பதிவாகவில்லை, இதை விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த ஆட்டத்தில் பந்தை நடத்தும் கிரெக் ஆன்டனி ஐந்தாவது தவறோடு வெளியேறிய பிறகுதான் அணி தடுமாறியது என்பதையும், கடைசி நொடிகளில் டூக் வீரர் லேட்னரின் இரண்டு இலவச எறிதல்கள் ஆட்டத்தை முடித்தன என்பதையும் நினைவூட்டுங்கள்.

மூன்று, ஃப்ரெஸ்னோ. 1995 முதல் 2002 வரை அவர் அங்கே இருந்தார். வீரர்களுக்காக வேறொருவர் பாடக் கட்டுரைகள் எழுதிக்கொடுத்த விவகாரம் வெளிவந்து, வெற்றிகள் நீக்கப்பட்டன. யுஎன்எல்வி ரசிகர்கள் பலர் ஃப்ரெஸ்னோ காலத்தைப் பேசாமல் தாண்டிவிடுவார்கள். எங்கள் கருத்தில் அது தவறு. டார்கேனியன் வாழ்க்கையில் நம் வாதம் மிகவும் பலவீனமாகும் இடம் அது. அதை மறைத்தால் மற்ற இடங்களில் நாம் சொல்லும் உண்மைக்கும் மதிப்பில்லாமல் போகும்.

ஐந்தாம் படி: எதிரில் இருப்பவர் யார் என்று பாருங்கள்

டூக் ரசிகரிடம் 30 புள்ளியை வைத்துத் தொடங்காதீர்கள். அது அவருக்கு வலிக்கும், வலித்தவர் கேட்கமாட்டார். அந்த இரண்டு ஆட்டங்களையும் நல்ல மாணவர்களுக்கும் முரடர்களுக்கும் நடந்த சண்டையாக அன்றைய செய்தி ஊடகம் சித்திரித்ததைப் பற்றிப் பேசுங்கள். ஆன்டனி தன் டி-ஷர்ட் அச்சு வியாபாரத்தை நடத்துவதற்காகக் கல்லூரி உதவித்தொகையையே விட்டுக்கொடுத்து, சொந்தப் பணத்தில் கடைசி ஆண்டு படித்தவர். மாணவர்கள் தம் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில்தான் என்சிஏஏ வழிவிட்டது. முரடர்கள் என்ற பட்டத்துக்குள் இப்படி ஒருவர் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

அதே மாநிலத்தில் ரீனோ நகரில் இருக்கும் நெவாடா பல்கலைக்கழகத்தின் ரசிகரோடு பேசுவது வேறு. அவருக்கு டார்கேனியனைவிட லாஸ் வேகஸ் மீதுதான் கோபம். அவரிடம் 1991-ஐ எடுங்கள்: என்சிஏஏ விசாரணைகளில் நியாயமான நடைமுறை வேண்டும் என்று நெவாடா சட்டமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. 1993-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனாலும் அது மாநிலம் முழுவதற்குமான சட்டம், ரீனோவுக்கும் சேர்த்து. அங்கிருந்து பேச்சு இறுக்கம் தளர்ந்து போகும்.

எந்த அணியையும் சாராதவர் கேட்டால் ஆட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். ‘அமீபா’ என்று பெயர்பெற்ற தடுப்பு முறை, வடிவம் மாறிக்கொண்டே பந்து வைத்திருப்பவரைச் சுற்றி வளைப்பது, பந்தைப் பறித்த கணமே எதிர்முனைக்குப் பாய்வது. 1990 இறுதி ஆட்டத்தின் பதிவை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பல விவாதங்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

கைவிட வேண்டிய வாதங்கள்

“எல்லோரும்தான் செய்தார்கள்.” இது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே ஒலிக்கும். அதற்குப் பதில், ஒரே மாதிரியான மீறலுக்குப் பெரிய கல்லூரிக்கும் சிறிய கல்லூரிக்கும் ஒரே தண்டனை கிடைத்ததா என்று கேளுங்கள். இது அவர் 1970-களிலேயே கேட்டது.

“இப்போது வீரர்களுக்குச் சம்பளமே கொடுக்கிறார்களே.” 2025-ல் வந்த சமரச ஏற்பாட்டுக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் நேரடியாகவே பணம் கொடுக்கலாம் என்பது உண்மை. ஆனாலும் அன்றைய விதி அன்றைய விதிதான் என்று எதிராளி சொன்னால் பதில் இருக்காது. மேலும், அவர் மீதிருந்த 10 குற்றச்சாட்டுகளில் மிகக் கடுமையானதாக என்சிஏஏ கருதியது பணம் பற்றியதல்ல. விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்பது. அதற்கு இன்றைய சம்பள விதி பதிலாகாது.

டூக் பயிற்சியாளரையோ வேறு யாரையோ இழுத்து வசைபாடுவது இன்னொன்று. ஒருவர் பெயரைக் காக்க வந்தவர் இன்னொருவர் பெயரைக் கெடுத்தால், அதுவரை சொன்னதெல்லாம் வீணாகும்.

பேசும் முறை

நேரம் குறைவாக இருந்தால் இந்த வரிசை: முதலில் ஒரு குறையை ஒப்புக்கொள்ளுங்கள் (ஃப்ரெஸ்னோ அல்லது டேனியல்ஸ்). அடுத்து 38-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம். பிறகு மூன்று வழிகள். கடைசியாக 5-4 தீர்ப்பு எதைப் பற்றியது என்பது. நிதானமாகச் சொன்னால் இரண்டு நிமிடம். அரை ஆட்ட இடைவேளையில் தாராளமாக முடியும். 25 லட்சத்தை எதிராளி கேட்கும்வரை எடுக்காதீர்கள். முதலிலேயே சொன்னால் பேச்சு முழுவதும் பணத்தைச் சுற்றியே போகும்.

ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது வாதாடாதீர்கள். தோற்ற பக்கத்து ரசிகரிடம் அன்றிரவு பேசாதீர்கள். குடித்திருப்பவரிடம் எப்போதும் வேண்டாம். எதிராளி ஆண்டு, பெயர், எண் எதுவும் சொல்லாமல் “ஏமாற்றுக்காரர்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னால், “எந்த ஆண்டு, எந்த மீறல்?” என்று ஒரு முறை கேளுங்கள். பதில் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

கேட்கத் தயாராக இருப்பவர் கிடைத்து, அவர் லாஸ் வேகஸுக்கு வந்தால், தாமஸ் அண்ட் மேக் அரங்குக்கு வெளியே உள்ள வெண்கலச் சிலைக்குக் கூட்டிப்போங்கள். டார்கேனியன் நாற்காலியில் உட்கார்ந்து, ஈரத் துண்டின் முனையைக் கடித்துக்கொண்டு ஆட்டம் பார்க்கிறார். வாய் வறண்டுபோகாமல் இருக்கத் தொடங்கிய பழக்கம் அது. பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருக்கும். வந்தவரை அதில் உட்காரச் சொல்லிவிட்டு, 1972-லிருந்து தொடங்குங்கள்.